சாமிநாதன் அடுக்கு: பழைய நூல்களைப் பிரித்துக் கட்டிய பதிவு

சாமிநாதன் என்று பெயர் கொண்டவர்கள் எழுதிய நூல்களை மட்டும் ஓர் அடுக்கில் சேர்த்து வைப்பதும், அவற்றுள் நைந்துபோனவற்றைப் பிரித்துத் தைத்துப் புதிதாகக் கட்டுவதும்தான் இந்த வேலை. பெயரை வைத்து நூல்களைச் சேர்ப்பது விளையாட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு நூலகத் துறையிலேயே ஓர் அடிப்படை உண்டு. மேனாட்டு ஆசிரியர்களைக் குடும்பப் பெயரால் வரிசைப்படுத்தும் நூற்பட்டியல் விதிகள், குடும்பப் பெயர் இல்லாத தமிழ் ஆசிரியர்களை அவரவர் இயற்பெயராலேயே பதியச் சொல்கின்றன. ஊருக்கும் தந்தைக்கும் உரிய தலைப்பெழுத்துகள் பின்னால் போய்விடுவதால், பழைய நூலகங்களில் பட்டியல் அட்டைகளை அடுக்கி வைக்கும் பெட்டியில் எல்லாச் சாமிநாதன்களும் ஒரே இழுப்பறையில் அடுத்தடுத்து இருப்பார்கள். நூல்களோ பொருள்வாரியாகப் பிரிந்து நிற்கும். டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ் இலக்கணம் 494.811-இலும், இலக்கியம் 894.811-இலும், அரசியல் 320-இலும், வேளாண்மை 630-இலும் இருக்குமாதலால், அட்டையில் ஒட்டி உறவாடும் இவர்கள் அலமாரியில் ஒருவரையொருவர் பார்க்கவே வாய்ப்பில்லை. அந்த இழுப்பறையை அப்படியே ஓர் அலமாரித் தட்டாக மாற்றினால் எப்படியிருக்கும் என்பதே என் எண்ணம்.

பெயர் ஆசிரியருடைய சொந்தப் பெயராக இருக்க வேண்டும், தந்தையின் பெயராக முன்னெழுத்தில் ஒளிந்திருக்கக் கூடாது என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொண்டேன். சாமிநாத, சுவாமிநாத, ஸ்வாமிநாத என்ற எழுத்து வேறுபாடுகளைப் பொருட்படுத்தவில்லை.

அடுக்கில் மூத்தவர் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவாமிநாத தேசிகர். ஈசான தேசிகர் என்றும் அழைக்கப்பட்ட அவருடைய இலக்கணக் கொத்து, தி. வே. கோபாலையர் பதிப்பாக என்னிடம் இருக்கிறது. அடுத்து, ஐந்திலக்கணத்தையும் சொல்லி அந்நூலுக்குத் தன் பெயரையே சூட்டிய கல்லிடைக்குறிச்சிச் சுவாமிநாத கவிராயரின் சுவாமிநாதம். பிறகு உ. வே. சாமிநாதையர் (1855–1942), வெ. சாமிநாத சர்மா (1895–1978), எம். எஸ். சுவாமிநாதன் (1925–2023), வெங்கட் சாமிநாதன் (1933–2015). உத்தமதானபுரம், கும்பகோணம், உடையாளூர் என்று இவர்களுள் மூவரின் ஊர்கள் சுவாமிமலையைச் சுற்றியே அமைந்திருப்பது தற்செயல் அன்று; அந்த மலைக்கோயில் முருகனின் பெயர் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வழிவழியாக இடப்பட்டு வருவது.

உ. வே. சா. இந்த அடுக்குக்குள் வந்ததுகூட அவருடைய ஆசிரியரின் விருப்பத்தால்தான். வேங்கடராமன் என்று பாட்டனார் பெயரை இட்டிருந்தாலும் வீட்டில் சாமிநாதன் என்ற பெயரும் வழங்கியது. மாயூரத்தில் பாடம் கேட்கப் போனபோது, வேறு பெயர் உண்டா என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை விசாரித்து, அதுவே நன்றாயிருக்கிறது என்று கூறிவிட்டார். பிள்ளை அன்று கேட்காமல் இருந்திருந்தால் என் அடுக்கின் பாதி காலியாகியிருக்கும்.

நூல்களை மேசையில் பரப்பி நிலைமையைப் பார்த்தபோது அவற்றுக்கு மூன்று விதமான நோய்கள் இருந்தன. நூலால் தைக்கப்பட்டுத் தையல் தளர்ந்தவை ஒரு வகை. முதுகில் பசை மட்டும் தடவி ஒட்டப்பட்டு, பசை காய்ந்து தாள்தாளாக உதிர்பவை இன்னொரு வகை. பக்கவாட்டில் கம்பி அடிக்கப்பட்டுத் துருவேறியவை மூன்றாம் வகை. இவற்றோடு, காகிதமே அமிலமேறிப் பழுத்துப்போவது எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது. மரக்கூழில் உள்ள லிக்னினும், மை ஊறாமலிருக்கச் சேர்க்கப்படும் படிகாரமும் காலப்போக்கில் அமிலத்தை உண்டாக்கி, நார்களை வெட்டிவிடுகின்றன. தாளின் மூலையை முன்னும் பின்னும் சிலமுறை மடக்கினால் அது முறிந்து கையோடு வருமானால், அந்தத் தாள் எந்தப் புதுத் தையலையும் தாங்காது. சோதனைக்கு அச்சில்லாத மூலையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் பசையைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நம் ஊர் பைண்டிங் கடைகளில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்கச் சிறிது மயில்துத்தத்தைக் கரைத்துவிடுவது பழைய வழக்கம். பள்ளிக் கணக்கு நோட்டுக்கும் அலுவலகப் பதிவேட்டுக்கும் அது பொருத்தமாக இருக்கலாம். ஏற்கெனவே அமிலத்தால் நலிந்திருக்கும் காகிதத்துக்கு அது ஆகாது. மயில்துத்தம் தாமிர சல்பேட். அதன் கரைசலே அமிலத்தன்மை உள்ளது என்பதோடு, தாமிரம் காகித நார் சிதைவதை விரைவுபடுத்தவும் செய்யும். எனவே பசைப்புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சை ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சி, வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி ஆறவைத்து, சல்லடையில் இருமுறை தேய்த்து வடித்துக்கொண்டேன். கிழிசல் ஒட்டும்போது மீண்டும் நீர்விட்டுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். இந்தப் பசை சில நாளில் கெட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஈரம் பட்டால் மறுபடி இளகும் என்பதால், நாளை இன்னொருவர் என் வேலையைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரித்தெடுக்க முடியும். கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பசையை முதுகுக்கும் அட்டைக்கும் மட்டுமே பயன்படுத்தினேன். அச்சிட்ட தாளின்மேல் அதைத் தொடவிடவில்லை.

முதலில் எடுத்தது வெ. சாமிநாத சர்மாவின் நூல்களை. பிளேட்டோவின் அரசியல், ரூசோவின் சமுதாய ஒப்பந்தம், கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை என்று உலக அரசியல் சிந்தனையைத் தமிழில் எளிய நடையில் கொண்டுவந்து தந்தவர் அவர். ரங்கூனில் ஜோதி இதழை நடத்திக்கொண்டிருந்தவர், ஜப்பானியப் படையெடுப்பின்போது 1942-இல் மனைவியுடன் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்து வந்தார். அக்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், 1940-களில் அச்சான தமிழ் நூல்களின் தாள் பெரும்பாலும் மட்டமானது. திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடையொன்றில் நான் வாங்கிய சர்மா நூலும் அப்படித்தான்; தாளின் விளிம்புகள் தேயிலை நிறத்துக்கு மாறியிருந்தன, நடுப்பகுதி மட்டும் வெளிறியிருந்தது. முன்பு யாரோ முதல் நான்கு தாள்களின் கிழிசலில் செல்லோ டேப் ஒட்டியிருந்தார்கள். டேப்பின் பிளாஸ்டிக் காய்ந்து தானே கழன்றுவிட்டது; அதன் பசையோ காகிதத்துக்குள் இறங்கி, மறுபுறத்து எழுத்துத் தெரியுமளவுக்கு எண்ணெய்க் கறையாகப் பரவியிருந்தது. இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகளைத் தலைமுடி உலர்த்தியின் குறைந்த சூட்டில் இளக்கி, மெல்லிய தட்டைக் கத்தியைத் தாளோடு படுக்கவைத்தபடி நகர்த்தி எடுத்தேன். பிசுக்கை ரப்பர் துண்டால் உருட்டி எடுக்கலாம். கறை போகாது, அதைப் போக்க முயலவும் இல்லை.

தாளைச் சுண்ணாம்பு அல்லது மக்னீசியக் கரைசலில் நனைத்து அமிலத்தை நீக்கும் முறை உண்டு. இந்த நூலுக்கு அது சரிவரவில்லை, ஏனெனில் ஒரு வாசகசாலையின் ஊதா ரப்பர் முத்திரை பல பக்கங்களில் குத்தப்பட்டிருந்தது. ஈரப் பஞ்சின் நுனியால் ஓர் ஓரத்தைத் தொட்டபோதே மை கரைந்து பஞ்சில் ஏறியது. கழுவினால் பக்கம் முழுதும் ஊதாவாகும். ஆகவே கிழிசலை மட்டும் ஒட்டி, அமிலமற்ற தாளில் தைத்த உறைக்குள் வைப்பது என்று தீர்த்தேன்.

கிழிசல் ஒட்டுவதற்கு ஜப்பானியத் திசுத்தாள் வேண்டும். கோசோ என்ற மரப்பட்டை நாரிலிருந்து செய்வது, சதுர மீட்டருக்கு 9 கிராம் எடைதான் இருக்கும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. நனைத்த மெல்லிய தூரிகையால் திசுவில் ஒரு கோடு இழுத்து, அந்த ஈரக் கோட்டில் மெதுவாக இழுத்துப் பிரித்தால் விளிம்பில் நார்கள் மயிர்போல் நீண்டு நிற்கும். அந்த நார்களே மூலத் தாளின் நாரோடு பின்னிக்கொள்ளும். வெட்டிய விளிம்பாக இருந்தால், அந்த நேர்கோட்டிலேயே பழைய தாள் பின்னாளில் முறியும். பசை தடவிய திசுவைக் கிழிசலின்மேல் படுக்கவைத்து, மேலும் கீழும் வெண்ணெய்த்தாள், அதற்கு வெளியே மை ஒற்றும் தாள், அதன்மேல் கண்ணாடிப் பலகை, எடை என்று வைத்துவிட வேண்டும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஒற்றுத்தாளை மாற்றாவிட்டால் ஈரம் தங்கித் தாள் அலையடிக்கும். உலர்ந்த பிறகு திசுவின் வழியாக எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது. விரலால் தடவினால்தான் ஒட்டு இருப்பது புலப்படும்.

அதிக உழைப்பைக் கேட்டது உ. வே. சா. வரிசை. என் சரித்திரம் ஆனந்த விகடனில் 1940 தொடக்கத்திலிருந்து வாரந்தோறும் வந்து, 1942 ஏப்ரலில் ஆசிரியர் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்று, 1950-இல் நூலானது. பருமனான நூல் அது. என் பிரதியின் அட்டை கழன்று, தையல் நூல் பல இடங்களில் அறுந்திருந்தது. தாள் மட்டும் ஓரளவு வலுவாக இருந்ததால் முழுத் தையலாகவே மீண்டும் தைக்கலாம் என்று முடிவு செய்தேன். பழைய தையல் நூலை ஒவ்வொரு பாரத்தின் (ஒன்றாக மடித்துத் தைத்த தாள்தொகுதியின்) நடு மடிப்பிலும் அறுத்து, முதுகின் காய்ந்த வஜ்ஜிரப் பசையை ஈரப் பசை பூசி ஊறவைத்துச் சுரண்டி, பாரங்களைத் தனித்தனியாகப் பிரித்தேன். பிரிக்கும்போதே பென்சிலால் பாரத்தின் அடியில் மெலிதாக எண் இட்டுக்கொள்வது நல்லது. பழைய தமிழ் அச்சகங்கள் பாரத்தின் முதல் பக்க அடியில் வரிசை எண் போட்டிருந்தாலும் சில வேளை அது தேய்ந்திருக்கும்.

மடிப்பில் முறிந்த தாள்களுக்கு உட்புறமாகத் திசுப்பட்டை ஒட்ட வேண்டும். இங்கேதான் தடிமன் சிக்கல் எழுகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒட்டுத் திசுவும் தையல் நூலும் சேர்ந்துகொள்வதால், பாரங்கள் பல உள்ள நூலில் முதுகுப்புறம் முன்புறத்தைவிட வெகுவாகப் பருத்துவிடும். தையல் நூலை மெல்லியதாகத் தேர்ந்தெடுத்து மெழுகில் இழுத்துக்கொள்வது ஒரு வழி; இரண்டு பாரங்களை ஒரே இழையில் மாறி மாறிக் கோப்பது இன்னொரு வழி. முதல் ஐந்தாறு பாரங்களையும் கடைசி ஐந்தாறையும் தனித்தனியே முழுநீளத்துக்குத் தைத்து, நடுவில் உள்ளவற்றை இரண்டிரண்டாகத் தைத்தேன். மூன்று பருத்தி நாடாக்களின் மேல் தையல் ஏற, தலையிலும் அடியிலும் சங்கிலி முடிச்சு விழுகிறது. எஞ்சிய பருமன் வீண்போகவில்லை. வெள்ளைப் பசையை மெல்லத் தடவி, அது முற்றும் காயுமுன் சுத்தியலால் மெல்லத் தட்டி முதுகை வளைவாக்கியபோது, அந்தப் பருமன்தான் வளைவுக்கு வடிவம் கொடுத்தது. தட்டையாக விட்டிருந்தால் சில ஆண்டுகளில் முதுகு உள்வாங்கி, தாள்கள் முன்னே பிதுங்கி வந்துவிடும்.

அட்டை தேர்ந்தெடுக்கும்போது அதன் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதில் வளையும் அச்சுக்கு இணையாக நார் ஓடும். அது முதுகுக்கு இணையாக அமையாவிட்டால் மழைக்காலத்தில் அட்டை விரிந்து நூல் வாய் பிளக்கும். மேலுறைக்குக் கருஞ்சிவப்புக் காலிகோத் துணி. எல்லா நூலுக்கும் ஒரே துணியைப் போட்டது இந்த வேலையில் நான் அனுமதித்துக்கொண்ட ஒரே அலங்காரம்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தின் இரு பாகங்களும் (1933, 1934) இதே முறையில் முடிந்தன. புறநானூற்றுப் பதிப்பு சற்று வேறு. உ. வே. சா. பதிப்புகளில் அடிக்குறிப்புகள் சிறிய எழுத்தில் நெருக்கமாக வரும். பாட வேறுபாடும் ஒப்புமைப் பகுதியும் அங்கேதான் இருக்கின்றன. என் பிரதியை முன்பு கட்டியவர் பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்ததோடு வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து மூன்று ஓரங்களையும் சீவியிருந்ததால், நூலை விரித்தாலும் உள் ஓரத்துச் சொற்கள் மடிப்புக்குள் புதைந்திருந்தன. பக்கத் தையலை நீக்கி, ஒவ்வொரு தாளின் உள் ஓரத்திலும் பட்டையான திசு விளிம்பு சேர்த்து, அந்த விளிம்பை மடித்துப் பாரமாக்கித் தைத்தேன். விரித்து வைத்தால் இப்போது பக்கம் மேசையில் படிந்து கிடக்கிறது, குறிப்பின் கடைசி எழுத்தும் படிக்க வருகிறது. வெட்டப்பட்ட ஓரத்தைத்தான் மீட்க வழியில்லை. பழைய நூலை ஓரம் சீவுவதைப் போல் திருத்த முடியாத கேடு பைண்டிங்கில் வேறில்லை என்பது என் கருத்து.

வெங்கட் சாமிநாதனின் பாலையும் வாழையும் மெலிந்த நூல். எழுத்து இதழில் எழுதத் தொடங்கி, தமிழ்ச் சூழலின் வறட்சியைத் தயவு தாட்சண்யமின்றிக் கண்டித்த விமர்சகர் அவர். ஜான் ஆபிரகாமின் அக்ரஹாரத்தில் கழுதை படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் அவரே. என் பிரதியில் யாரோ பக்கவாட்டில் மூன்று கம்பிகளை அடித்திருந்தார்கள். துருப்பிடித்த கம்பியைக் குறட்டால் இழுத்தால் துளை கிழியும். பின்புறம் மடங்கியிருக்கும் இரு கால்களையும் தட்டைக் கத்தியால் நிமிர்த்தி, முன்புறத்திலிருந்து நேராக மேலே தூக்கினால் முழுதாக வந்துவிடும். துளையைச் சுற்றிய துருத்தூளை மென்தூரிகையால் தட்டிவிட்டு, அதே துளைகளின் வழியாக நூலைக் கோத்து முடிச்சிட்டேன். புதுத் துளை எதுவும் போடவில்லை.

எம். எஸ். சுவாமிநாதனின் ஆங்கில நூல்களுக்கு வேலையே இல்லை. பசுமைப் புரட்சியிலிருந்து என்றும் பசுமையான புரட்சிக்கு நகர்வதைப் பற்றி அவர் 2010-இல் வெளியிட்ட நூல் கெட்டி அட்டையோடு நன்றாகவே இருந்தது. தூசி தட்டி வைத்தேன். சுவாமிநாதத்தின் என் பிரதி பசை மட்டும் ஒட்டிய வகை. அதன் தாள்களை இடுக்கியில் இறுக்கி, ஒரு பக்கம் விசிறிபோல் சாய்த்து வெள்ளைப் பசை தடவி, மறுபக்கம் சாய்த்து மீண்டும் தடவினால், ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மயிரிழை அகலத்துக்குப் பசை ஏறிப் பிடித்துக்கொள்ளும். தையல் இல்லாமலே இது உறுதியாக நிற்கும்.

நூல்களை வரிசையில் வைத்தபோதுதான் இந்த இழுப்பறை எண்ணத்தின் பலன் தெரிந்தது. கால வரிசைப்படி இலக்கணக் கொத்து இடக்கோடியில் நிற்கிறது. தானே உரையும் எழுதிய தேசிகர், அதன் பாயிரத்தில், பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் பதினெண்கீழ்க்கணக்கையும் ஒரு பொருட்டாக எண்ணி வாழ்நாளை வீணாக்குபவர்களைக் கடுமையாகச் சாடுகிறார். அவருக்கு இரண்டு நூல் தள்ளி, அவருடைய அதே ஆதீனத்தில் தமிழ் கற்று வளர்ந்த இன்னொரு சாமிநாதன், 1889-இல் பத்துப்பாட்டையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியதோடு வாழ்நாள் முழுவதையும் அதிலேயே கழித்திருக்கிறார். பொருள்வாரி அடுக்கில் ஒருவர் இலக்கணத்துக்கும் மற்றவர் இலக்கியத்துக்கும் போய்விடுவதால் இந்த வழக்கு விசாரணைக்கே வராது. தேசிகர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை, சைவ மடத்துப் பாடத்திட்டத்தின் கண்ணால் பார்த்தால். தீர்ப்பு யார் பக்கம் போனது என்பதும் தெரிந்ததே. தமிழனிடம் சுரணையில்லை என்று சீறிய வெங்கட் சாமிநாதன் வலக்கோடியில் நிற்பது, கட்டியவனுடைய சூழ்ச்சியன்று. பிறந்த ஆண்டு அப்படி.

கடைசியில் முதுகில் பெயர் பொறிக்கும் வேலை. பொன்னெழுத்து அச்சுக்கு எழுத்துக்கோக்கும் கடையில் கொடுக்கும்போது, ஆசிரியர் பெயரைச் சுருக்கிப் போட்டால் செலவு குறையும் என்றார் கடைக்காரர். ஆனால் வெ. சாமிநாத சர்மாவும் வெங்கட் சாமிநாதனும் சுருக்கினால் இருவரும் வெ. சா. ஆகிவிடுகிறார்கள், இலக்கிய வட்டத்தில் அந்தச் சுருக்கம் பின்னவருக்கே உரியது. உ. வே. சா. என்பதை மட்டும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுருக்கமே வேண்டாம், ஒவ்வொரு நூலின் முகப்பில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே முதுகிலும் வரட்டும் என்று முடிவாயிற்று. மெலிந்த பாலையும் வாழையும் முதுகில் எழுத்து ஏறாததால், அதற்குத் தனிப் பெட்டி செய்து அதன் ஓரத்தில் பெயர் பொறித்தேன். சர்மாவின் பழுத்த நூலும் அதே அளவுப் பெட்டிக்குள் போனது.

அலமாரி சுவரோடு ஒட்டாமல் கையகலம் தள்ளி நிற்கிறது, பின்புறம் காற்று ஓட வேண்டும் என்பதற்காக. தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாகச் சுவடிகளுக்கிடையே வைக்கும் வழக்கம் உண்டு. அதையே தட்டின் மூலைகளில் வைத்திருக்கிறேன், நூலைத் தொடாத இடத்தில். முடிச்சின் மணம் குறைந்தால் மாற்றுவதும், மழைக்காலத்தில் பெட்டிகளைத் திறந்து தாளின் ஈரத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பதும் இனி எஞ்சியுள்ள வேலை. அடுத்து ஒரு நிகண்டு வர இருக்கிறது: கல்லிடைக்குறிச்சிக் கவிராயரின் பொதிகை நிகண்டு. சுவாமிநாதத்துக்குப் பக்கத்தில் அதற்காக இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன்.